பச்சை ஆலிவைத் தின்ன வைக்கும் பாக்டீரியா: ஆலிவ் ஈ பற்றிய நிகழ்வு ஆய்வு

இத்தாலியின் ஆலிவ் விவசாயிகள் 2014ஆம் ஆண்டை இன்றும் ஒரு பெருமூச்சோடுதான் பேசுகிறார்கள். குளிர்காலம் குளிரவில்லை, கோடை காயவில்லை. வழக்கமாக ஜூலை, ஆகஸ்ட் வெயிலில் பெருமளவு மடிந்துபோகும் ஒரு சின்ன ஈ அந்த ஆண்டு தடையில்லாமல் தலைமுறை தலைமுறையாகப் பெருகியது. பறிக்கும் கூலிக்குக்கூடக் கட்டாது என்று பலர் காய்களை மரத்திலேயே விட்டுவிட்டார்கள். வானிலையும் ஈயும் கைகோத்ததில் நாட்டின் ஆலிவ் எண்ணெய் உற்பத்தி முந்தைய பருவத்தோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய பாதியாகச் சுருங்கியது.

அந்த ஈயின் பெயர் பாக்ட்ரோசெரா ஒலியே. நம் ஊர் மாம்பழத்தைக் கெடுக்கும் பழ ஈ பாக்ட்ரோசெரா டார்சாலிஸுக்கு இது ஒரே பேரினத்து உறவு. நீளம் 4 முதல் 5 மில்லிமீட்டர், இறக்கையின் நுனியில் ஒரு கரும்புள்ளி. மா ஈ கொய்யா, வாழை, பப்பாளி என்று நூற்றுக்கணக்கான கனிகளில் முட்டையிடும். ஆலிவ் ஈ அப்படியல்ல. ஆலிவும் அதன் காட்டு உறவுகளும் தவிர வேறெதையும் அதன் புழு தின்பதில்லை. இவ்வளவு கறாராக ஒரே காயைப் பிடித்துக்கொண்ட பூச்சிக்கு, அந்தக் காயே பெரும்பாலான பூச்சிகளால் தின்ன முடியாத காயாக இருப்பதுதான் வேடிக்கை.

பச்சை ஆலிவைப் பறித்து அப்படியே கடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வேப்பங்காய் தேவலாம் என்று தோன்றும். காரணம் ஒலியூரோபீன் என்ற பொருள். இளங்காயின் உலர் எடையில் இது 14 சதவீதம்வரை இருக்கலாம். ஊறுகாய்க்குப் போகும் ஆலிவைக் காரநீரிலோ உப்புநீரிலோ நாள்கணக்கில், சில வகைகளை மாதக்கணக்கில், ஊறவைப்பதே இதை வெளியேற்றத்தான். காய் கறுத்துப் பழுக்கும்போது ஒலியூரோபீன் வெகுவாகக் குறைந்துவிடும். ஆனால் ஆலிவ் ஈ காய் பழுக்கும்வரை காத்திருப்பதில்லை. கொட்டை கெட்டிப்பட்டதும், காய் இன்னும் பச்சையாக இருக்கும்போதே, முட்டையிடத் தொடங்கிவிடுகிறது. இந்த வழக்கின் மையக் கேள்வி இதுதான்: கசப்பின் உச்சத்தில் இருக்கும் காய்க்குள் அந்தப் புழு எப்படிப் பிழைக்கிறது?

தலைக்குள் ஒரு பை

விடையின் முதல் நுனி 1909இலேயே கிடைத்துவிட்டது. லியோனெல்லோ பெத்ரி என்ற இத்தாலியத் தாவர நோயியலாளர் ஆலிவ் ஈயை வெட்டிப் பார்த்து, அதன் தலைக்குள், தொண்டைக் குழாயிலிருந்து பிரிந்து நிற்கும் ஒரு குட்டிப் பையைக் கண்டார். உள்ளே முழுக்க பாக்டீரியா. புழுவை வெட்டினால் பாக்டீரியா வேறிடத்தில் இருந்தது: நடுக்குடலின் முன்பகுதியில் துருத்திக்கொண்டிருக்கும் நான்கு சிறு பைகளில். பெண் ஈயின் பின்குடலில், முட்டை வெளியேறும் வழியை ஒட்டிய மடிப்புகளிலும் அதுவே நிறைந்திருந்தது.

முட்டை வெளியே வரும்போது பாக்டீரியா அதன்மேல் ஒட்டிக்கொள்கிறது. பொரிந்து வரும் புழுவுக்குத் தாயிடமிருந்து அது கிடைத்துவிடுகிறது. தாய் ஈ முட்டையிடுவதே பார்க்கத்தக்க காட்சிதான். காயின் தோலில் ஊசிபோன்ற உறுப்பால் ஒரு துளை போட்டு, பெரும்பாலும் ஒரு காய்க்கு ஒரே முட்டையை வைக்கிறது. அப்புறம் திரும்பி நின்று, துளையில் கசியும் சாற்றை உறிஞ்சி, அதைக் காயின் மேற்பரப்பில் தடவி வைக்கிறது. பின்னால் வரும் இன்னொரு பெண் ஈ அந்தச் சாற்றை உணர்ந்தால் பொதுவாக அந்தக் காயை விட்டு நகர்ந்துவிடும். தன் பிள்ளைக்கு ஒரு காயை மொத்தமாக ஒதுக்கி வைக்கும் ஏற்பாடு இது.

பெத்ரி செய்த வேலை அந்தக் காலத்துக்கு மிகப் பெரியது. பூச்சிகளுக்கும் பாக்டீரியாக்களுக்குமான கூட்டுவாழ்வு பற்றிய முன்னோடி ஆய்வுகளில் ஒன்றாக இன்றும் அதைச் சொல்கிறார்கள். பாக்டீரியா இருக்கும் இடங்களையும் அது தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகும் வழியையும் அவர் பிடித்துவிட்டார். ஆனால் யார் என்பதில் ஆள் மாறிப்போனது.

தட்டில் வளர்த்துப் பார்த்தபோது அவருக்குக் கிடைத்தது ஆலிவ் மரக் கிளைகளில் கழலை கழலையாகக் கட்டிக்கொள்ளும் முடிச்சு நோயின் பாக்டீரியா. இன்று அதன் பெயர் சூடோமோனாஸ் சவஸ்தனாய். ஈயின் வயிற்றிலும் அதே ஆலிவ் மரத்தின் நோய்க்கிருமி என்றால், ஈ நோயைப் பரப்புகிறது, பதிலுக்கு நோய்க்கிருமி ஈக்குச் சோறு போடுகிறது என்று கதை அழகாகக் கூடி வந்துவிடுகிறது. அழகாகக் கூடி வந்ததாலேயே அது ஒரு நூற்றாண்டுக்கு நெருக்கமாகப் பாடநூல்களில் நிலைத்தது. 1966இல் கலிபோர்னியாவின் கென்னத் ஹேகன் நேச்சர் இதழில் எழுதிய குறிப்பிலும் பாக்டீரியாவின் பெயர் அதுவே. அவருடைய சோதனை முக்கியமானது: வளர்ந்த பெரிய ஈக்களுக்கு ஸ்ட்ரெப்டோமைசின் என்ற ஆண்டிபயாட்டிக் கொடுத்தால், அவற்றின் புழுக்கள் ஆலிவ் காயில் வளரவில்லை. ஆக, பாக்டீரியா இல்லாமல் புழுவுக்குப் பிழைப்பில்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது. பெயர்தான் தவறு.

அந்தப் பெயரைத் திருத்தியவர்கள் இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள். கதரீனா கபுட்சோவும் சக ஆய்வாளர்களும் 2005இல், தட்டில் வளர்ப்பதை நம்பாமல், ஈயின் தலைப்பையிலிருந்து நேரடியாக மரபணுவைப் பிரித்தெடுத்துப் படித்தார்கள். கிடைத்தது முற்றிலும் வேறு ஆள், எர்வினியா பேரினத்தைச் சேர்ந்த, அதுவரை பெயரிடப்படாத ஒரு பாக்டீரியா. அதற்கு கேண்டிடேட்டஸ் எர்வினியா டாசிகோலா என்று பெயர் வைத்தார்கள். ஆய்வகத் தட்டில் தனியாக வளர்த்துக் காட்ட முடியாத பாக்டீரியாக்களுக்குத்தான் கேண்டிடேட்டஸ் என்ற முன்னொட்டு. பெத்ரி ஏன் தவறினார் என்பதும் இதில் விளங்கிவிடுகிறது. உண்மையான கூட்டாளி தட்டில் வளராது. மரத்தில் எங்கும் கிடக்கும் முடிச்சுக் கிருமி தட்டில் போட்டதும் வளர்ந்துவிடும். வளர்ந்ததைத்தான் அவரால் பார்க்க முடிந்தது. இதில் பெத்ரியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாக்டீரியா இருக்கும் இடத்தைச் சரியாகச் சொன்னதே அந்தக் காலத்து நுண்ணோக்கிக்குப் பெரிய காரியம்.

பிறகு அமெரிக்காவில் ஆன் எஸ்டெஸ் குழுவினர் பார்த்ததில் இன்னொரு விவரம் சேர்ந்தது. பெரிய ஈயின் தலைப்பையில் இந்த பாக்டீரியா செல்களுக்கு வெளியே, சளிபோன்ற திரளாக வாழ்கிறது. புழுவில் அது குடல் செல்களுக்குள்ளேயே புகுந்து வாழ்கிறது. ஒரே பாக்டீரியா, ஈயின் வயதுக்கேற்ப குடித்தன முறையை மாற்றிக்கொள்கிறது. 1998இல்தான் ஆலிவ் ஈ கலிபோர்னியாவில், லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில், முதலில் பிடிபட்டது. அடுத்த சில ஆண்டுகளில் அந்த மாநிலத்தின் ஆலிவ் பகுதிகள் முழுக்கப் பரவியது. அமெரிக்காவின் காட்டு ஈக்களிலும் இதே பாக்டீரியாதான் இருந்தது. ஈ கடல் தாண்டியபோது கூட்டாளியையும் கூட்டிக்கொண்டே போயிருக்கிறது.

பச்சைக்கும் கறுப்புக்கும் நடுவே

ஆள் யாரென்று தெரிந்த பிறகு, அது செய்யும் வேலை என்ன என்ற கேள்வி. இதைத் தெளிவாகத் தொட்டவர்கள் இஸ்ரேலின் எபிரேயப் பல்கலைக்கழகத்தில், ரெஹோவோத்தில் இருக்கும் குழுவினர்: மைக்கேல் பென்-யோசெஃப், எட்வார்ட் ஜுர்கெவிச், போவாஸ் யுவால் முதலியோர்.

அவர்கள் 2010இல் முதலில் பெரிய ஈக்களை எடுத்துக்கொண்டார்கள். ஆண்டிபயாட்டிக் கொடுத்து பாக்டீரியாவை நீக்கிய ஈக்களுக்கும் நீக்காத ஈக்களுக்கும் வெவ்வேறு உணவு. நல்ல புரத உணவு கொடுத்தால் பாக்டீரியா இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஈ நன்றாக முட்டையிட்டது. வெறும் சர்க்கரை கொடுத்தால் இரண்டுமே சோபிக்கவில்லை. இரண்டுக்கும் நடுவில், அத்தியாவசிய அமினோ அமிலங்கள் இல்லாத அரைகுறை உணவு கொடுத்தபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. பாக்டீரியா உள்ள ஈ முட்டையிட்டது, இல்லாதது பின்தங்கியது. 2014இல் வந்த அடுத்த ஆய்வில், யூரியா போன்று ஈயால் தானாகப் பயன்படுத்திக்கொள்ள முடியாத நைட்ரஜனையும் பாக்டீரியா ஈக்குப் பயன்படும்படி மாற்றித் தருவதைக் காட்டினார்கள். தோப்பில் ஈக்குக் கிடைப்பதை நினைத்துப் பாருங்கள். செதில் பூச்சிகள் கழிக்கும் தேன்போன்ற பிசுபிசுப்பு, இலைமேல் காய்ந்த பறவை எச்சம். முதலாவதில் சர்க்கரைதான் அதிகம், இரண்டாவதில் இருக்கும் நைட்ரஜன் பெரும்பாலும் கழிவு. இதை வைத்து ஆயுளில் இருநூறு முட்டைக்கு மேல் போட வேண்டுமென்றால் உள்ளே ஒரு சமையல்காரர் தேவைதான்.

என்னைப் பொறுத்தவரை வழக்கின் திருப்பம் 2015இல் வந்த புழு பற்றிய ஆய்வு. பாக்டீரியா உள்ள தாய்களின் முட்டைகளும் நீக்கப்பட்ட தாய்களின் முட்டைகளும் ஆலிவ் காய்களுக்குள் போயின, ஒரு பக்கம் பச்சைக் காய், மறுபக்கம் பழுத்துக் கறுத்த காய். கறுத்த காயில் பாக்டீரியா இல்லாத புழுவும் வளர்ந்துவிட்டது. பச்சைக் காயில் அப்படி இல்லை. பாக்டீரியா உள்ள புழு மட்டுமே வளர்ச்சியை முடித்தது, மற்றவை தேறவில்லை. அரை நூற்றாண்டுக்கு முன் ஸ்ட்ரெப்டோமைசின் சோதனை காட்டியதற்கு இங்கே காரணம் வெளிச்சத்துக்கு வருகிறது. புழுவுக்கு ஆலிவைத் தின்ன பாக்டீரியா தேவையில்லை. பச்சை ஆலிவைத் தின்னத்தான் தேவை.

ஒலியூரோபீன் செய்யும் வேலையைப் பார்த்தால் இது இன்னும் புரியும். காய்க்குள் அது சும்மா இருக்கும்வரை வெறும் கசப்புதான். புழு கடித்து செல்கள் கிழியும்போது, காயிலேயே தனியாக வைக்கப்பட்டிருக்கும் ஒரு நொதி அதோடு கலந்து, அதை வெகு தீவிரமாக வினைபுரியும் பொருளாக மாற்றிவிடுகிறது. அந்தப் பொருள் பக்கத்திலிருக்கும் புரதங்களைப் பிடித்து ஒன்றோடொன்று பிணைத்துவிடும். ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறவைத்த தோல் அழுகாமல், எதுவும் அரிக்காமல் கெட்டிப்படுவது போலத்தான், புழுவின் வாய்க்கு வரும் உணவும் செரிக்க முடியாததாகிவிடுகிறது. இந்தப் பிணைப்பில் முதலில் அடிபடுவது லைசின் என்ற அமினோ அமிலம். லைசினைப் பூச்சியால் தானாகத் தயாரிக்க முடியாது, உணவில் வந்தே ஆகவேண்டும். வயிறு நிறையத் தின்றும் புழு பட்டினி கிடக்கும். பாக்டீரியா இந்தத் தடையை எப்படிச் சமாளிக்கிறது, ஒலியூரோபீனை உடைத்தா, இழந்த அமினோ அமிலத்தைத் தானே தயாரித்துக் கொடுத்தா, என்பதில் ஆய்வாளர்கள் இரண்டு பக்கமும் ஆதாரம் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

விவசாயக் கண்ணோடு பார்த்தால் இந்தப் பச்சை-கறுப்பு வித்தியாசத்தின் கனம் தெரியும். பாக்டீரியா இல்லாத ஆலிவ் ஈ என்ற ஒன்று இருந்தால், அது பருவத்தின் கடைசியில், கறுத்த காயில் மட்டும் கொஞ்சம் கெடுதல் செய்யும் சாதாரணப் பூச்சியாக இருந்திருக்கும். பல தோப்புகளில் அதற்குள் அறுவடையே முடிந்திருக்கும். கோடையிலிருந்தே தலைமுறை தலைமுறையாகப் பெருகி அறுவடைக்கு முன் தோப்பையே காலி செய்யும் அளவுக்கு ஈயை வளர்த்துவிட்டது அந்த பாக்டீரியாதான். இதை ஈ செய்த சேதம் என்று மட்டும் கணக்கெழுதுவது பாதிக் கணக்கு.

சேதத்தின் தன்மையையும் சொல்லிவிடலாம். ஊறுகாய் ஆலிவில் நூற்றுக்கு ஒரு காயில் புழு இருந்தாலே வியாபாரத்தில் சிக்கல். எண்ணெய்க்குப் போகும் காயில் பத்து சதவீதம்வரை பொறுத்துக்கொள்வார்கள். புழு வெளியேறிய துளை வழியாகப் பூஞ்சை நுழைந்து, எண்ணெயின் அமிலத்தன்மை ஏறிவிடும். அப்புறம் அது உயர்தர எண்ணெய் என்ற தகுதியை இழக்கும்.

செம்பு

இத்தனை ஆண்டுகளாக விவசாயிகள் ஈயின் பின்னால்தான் ஓடினார்கள். ஐரோப்பாவில் காய்க்குள் இருக்கும் புழுவையும் கொல்லும் டைமீத்தோயேட் என்ற பூச்சிமருந்தைத் தெளிப்பது நெடுங்காலம் பழக்கத்தில் இருந்தது. 2019இல் ஐரோப்பிய ஒன்றியம் அதன் அனுமதியைப் புதுப்பிக்கவில்லை. ஈயை ஈர்க்கும் இரையோடு கலந்த ஸ்பைனோசாட் என்ற பூச்சிமருந்து இப்போது பரவலாகப் பயன்படுகிறது. ஆனால் கலிபோர்னியாவின் ஈக்களில் அதற்கும் எதிர்ப்புத்திறன் தலைகாட்டியிருக்கிறது.

இதற்கிடையே இன்னொரு மருந்து ஓசையில்லாமல் வேலை செய்துகொண்டிருந்தது. ஆலிவ் இலைப்புள்ளி நோய்க்காக மத்தியதரைக் கடல் நாடுகளில் செம்பு மருந்துகளை, அதாவது நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த போர்டோ கலவை, காப்பர் ஆக்சிகுளோரைடு வகையறாக்களை, காலங்காலமாகத் தெளிக்கிறார்கள். செம்பு தெளித்த தோப்பில் ஈயின் தாக்குதல் குறைவதை இத்தாலியிலும் கிரீசிலும் கவனித்தார்கள். செம்பு ஈயை நேரடியாகக் கொல்லும் விஷமல்ல. தெளித்த காயில் முட்டையிட ஈ தயங்குகிறது என்பது ஒரு காரணம். காயின் மேற்பரப்பை நக்கும் ஈயின் வயிற்றுக்குள் செம்பு போய் பாக்டீரியாவைத் தாக்குகிறது, அதனால் அடுத்த தலைமுறைப் புழு பச்சைக் காயில் தேறாமல் போகிறது என்பது இன்னொரு காரணம். ஃப்ளோரன்ஸ் பல்கலைக்கழகத்தின் அந்தோனியோ பெல்காரி, பத்ரீசியா சக்கெத்தி போன்றோர் 1990களின் இறுதியிலிருந்து இந்தத் திசையில் வேலை செய்துவருகிறார்கள். இயற்கை விவசாயத் தோப்புகளில் செம்பு இன்று ஈ மேலாண்மையின் பகுதியாகவே ஆகிவிட்டது.

சரி, செம்பையே தெளித்துத் தள்ளலாமே என்றால், அதுவும் நடக்காது. செம்பு மண்ணில் மக்காது, ஆண்டுக்கு ஆண்டு சேரும். மண்புழுவுக்கும் மண்ணின் நுண்ணுயிர்களுக்கும் ஆகாது. அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2019 முதல் ஹெக்டேருக்கு ஏழு ஆண்டுகளில் 28 கிலோ, அதாவது சராசரியாக ஆண்டுக்கு 4 கிலோ என்று கட்டுப்பாடு வைத்திருக்கிறது. மழை பெய்தால் மருந்து கழுவிப்போய் மறுபடி தெளிக்க வேண்டும். 2014 போன்ற ஈரமான ஆண்டில், ஈ பெருகும் வேகத்துக்கு, செம்பு மட்டும் தோப்பைக் காப்பாற்றிவிடும் என்று நம்புவது பேராசை. ஆனால் குறி சரியான இடத்தில் இருக்கிறது. ஈயைவிட பாக்டீரியாதான் இந்தக் கூட்டணியில் மெலிந்த பக்கம் என்பது என் கருத்து. அந்தப் பக்கத்தை மட்டும் தாக்கும், மண்ணில் தங்காத ஒரு பொருள் கிடைக்கவேண்டும்.

ஆய்வகத்தில் வளர்ந்த ஈ

மலட்டு ஆண் ஈக்களைப் பெருமளவில் வளர்த்து, அவற்றோடு சேரும் காட்டுப் பெண் ஈக்களின் முட்டை பொரியாமல் போகட்டும் என்று தோப்பில் விடும் முறை பல பழ ஈக்களிடம் வெற்றி பெற்றது. ஆலிவ் ஈயிடம் அது இதுவரை பெரிதாக எடுபடவில்லை. 1960கள், 70களில் கிரீசில் இதற்காக நிறைய உழைத்தார்கள். ஆலிவைக் கொடுத்து லட்சக்கணக்கில் வளர்ப்பது கட்டுப்படியாகாது என்பதால் செயற்கை உணவு உருவாக்கினார்கள்: செல்லுலோஸ் பொடி, ஈஸ்ட், சோயாப் புரதம், சர்க்கரை, கொஞ்சம் ஆலிவ் எண்ணெய். பூசணம் பிடிக்காமலிருக்க நிப்பாஜின், பொட்டாசியம் சார்பேட், கூடவே அமிலம். ஈ வளர்ந்தது. ஆனால் அந்தத் தட்டில் ஒலியூரோபீன் இல்லை, புரதம் தாராளம், கிருமிநாசினி வேறு. பாக்டீரியாவுக்கு அங்கே வேலையும் இல்லை, இடமும் இல்லை. எஸ்டெஸ் குழு 2012இல் வெளியிட்ட ஒப்பீட்டில், காட்டு ஈக்களில் வழக்கமாகக் காணப்படும் எர்வினியா ஆய்வக ஈக்களில் காணப்படவில்லை.

தோப்பில் விட்ட மலட்டு ஈக்கள் தோற்றதற்குக் காரணம் இது மட்டுமே என்று சொல்ல மாட்டேன். காட்டு ஈ பொழுது சாயும் நேரத்தில் இணைசேரும். ஆய்வக ஈயின் நேரம் அதோடு பொருந்தாமல் மாறிப்போயிருந்தது என்பது தெரிந்த விஷயம். ஆனால் வயிற்றிலிருந்த கூட்டாளியை இழந்த ஈயும் தோப்பு ஈயும் ஒரே பூச்சி என்று எடுத்துக்கொண்டது அடிப்படைக் கோளாறு. மத்தியதரைக்கடல் பழ ஈயான செரட்டைடிஸ் கேபிடேட்டாவிலும் இதே பிரச்சினையின் இன்னொரு முகத்தை யுவால், ஜுர்கெவிச் குழு 2010இல் காட்டியது. மலடாக்கும் கதிர்வீச்சு, ஆண் ஈயின் குடலில் கிளெப்சியெல்லா பாக்டீரியாவைக் குறைத்துவிடுகிறது. அதை உணவில் கலந்து திருப்பிக் கொடுத்தபோது மலட்டு ஆண்கள் காட்டு ஆண்களோடு போட்டியிடும் திறன் மேம்பட்டது.

ஆலிவ் ஈயில் எர்வினியாவைத் தட்டில் வளர்த்துத் தீவனத்தில் கலக்க வழியில்லை, வளராதே. ஃப்ளோரன்ஸ் குழு 2019இல் வேறு வழி பார்த்தது. ஆய்வக ஈக்களையும் காட்டு ஈக்களையும் ஒரே கூண்டில் ஒன்றாக விட்டார்கள். ஒன்றின் எச்சம் மற்றதன் உணவில் பட, ஆய்வக ஈக்களுக்கு பாக்டீரியா தொற்றிக்கொண்டது. தாய்வழியில் மட்டுமே போகும் என்று நினைத்த சொத்து பக்கத்து வீட்டுக்காரர் மூலமும் வரும் என்பது புதுத் தகவல். அது தலைமுறைகளுக்கு நிலைத்து நிற்கும்படி செய்ய, அடுத்து தீவனத்திலிருந்து கிருமிநாசினிகளைக் கழிக்க வேண்டியிருக்கும்.

இதைப் படிக்கும் மா விவசாயி ஒருவர், அப்படியானால் நம் பழ ஈயின் பாக்டீரியாவையும் குறிவைக்கலாமே என்று கேட்கலாம். அவசரப்பட வேண்டாம். மா ஈயின் குடலிலும் பாக்டீரியா ஏராளம், ஆனால் எர்வினியாபோல ஒரே கூட்டாளியை நம்பி அது வாழவில்லை. பழுத்த, இனித்த கனியைத் தின்பதால் அதற்கு அந்த அளவுக்கு உதவி தேவைப்படவுமில்லை. ஒன்று போனால் இன்னொன்று அந்த இடத்துக்கு வந்துவிடும். ஆனால் அங்கே வேறொரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 2017இல் சீனாவில் வெளியான ஆய்வு ஒன்றில், மா ஈயின் குடலில் வாழும் சிட்ரோபாக்டர் வகை பாக்டீரியா ஒன்று, டிரைகுளோர்ஃபான் என்ற பூச்சிமருந்தையே சிதைத்து, ஈக்கு எதிர்ப்புத்திறன் தருவது தெரிந்தது. அங்கே பாக்டீரியா உதவுவது காயைத் தின்ன அல்ல, நாம் தெளிக்கும் மருந்தைத் தாங்க. ஒரு மருந்து தோப்பில் வேலை செய்வதை நிறுத்தினால், ஈயை மட்டும் ஆய்வகத்துக்கு அனுப்பாமல் அதன் குடலையும் திறந்து பார்க்கச் சொல்லலாம்.